கயிறு இல்லாத பாம்பு

என் பணிக்காலம் முழுவதும் கோப்புகளில் நான் அதிகம் எழுதிய சொல் ‘பார்த்தேன்’ என்பதுதான். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. கீழே சுருக்கொப்பம், தேதி. அமைச்சகத்தில் அதற்குப் பொருள், அந்தக் கோப்பு என் மேசையை ஒருமுறை கடந்து போனது என்பது மட்டுமே. உள்ளே இருந்ததைப் படித்தேனா என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. அவர்களும் அதையேதான் எழுதினார்கள். ஆகவே பார்ப்பது என்ற செயலின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, என் மனைவியின் பொருட்டு, இரண்டு ஆங்கிலச் சொற்களின் பொருள் வித்தியாசத்தை ஒரு பனிக்காலம் முழுவதும் நான் சுமந்து திரிய வேண்டி வந்தது.

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு நாங்கள் துவாரகாவுக்கு வந்தோம். சொசைட்டி ஃப்ளாட், மூன்றாம் மாடி. எங்கள் சமையலறை ஜன்னலும் எதிர் பிளாக் வீட்டின் பின்பக்க பால்கனியும் முகத்துக்கு முகம். நடுவில் இருக்கும் சந்தில் நாலைந்து அசோக மரங்களும், யாருக்கும் சொந்தமில்லாத ஸ்கூட்டர்களும் நிற்கும். எதிர் வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர். விமான நிலையத்தில் வேலை பார்த்தவர், மழைக்காலம் முடிந்த கையோடு குடும்பத்துடன் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது.

தீபாவளி கழிந்து புகை இறங்கியது. அந்த நாட்களில் துவாரகாவில் விமானம் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வீட்டின் மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கேயோ தரை தட்டும். ஐந்து மணிக்கெல்லாம் எதிர் பிளாக் ஒரு சாம்பல் நிறச் சுவராகிவிடும். அதில் அங்கங்கே மஞ்சள் விளக்குகள் சுவரில் இல்லாமல் காற்றில் தொங்குவது போலத் தெரியும்.

அப்படி ஒரு சாயங்காலம், ஏனம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் தில்லியில் வாழ்ந்த காலம் திருநெல்வேலியில் வாழ்ந்த காலத்தைவிட நீளம். ஆனாலும் அவள் பேச்சு பாளையங்கோட்டையைத் தாண்டி ஒரு ஸ்டேஷன்கூட வரவில்லை.

“எதுத்த வீட்டுல ஆள் வந்திருக்கு போல.”

“யாரு?”

“ஒரு பொம்பள. பால்கனில நிக்கா.”

“வீடு பூட்டிக் கிடக்கு.”

“பூட்டிக் கிடந்தா நிக்கக் கூடாதா?”

எழுந்து போய் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். புறாக்கள் வராமலிருக்கக் கட்டிய வலையின் கீழ் விளிம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. “ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கோப்பு கடந்து போனது.

மறுநாளும் அந்தப் பெண் நின்றாள். அதற்கடுத்த நாளும். பகலில் இருப்பதில்லையாம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறாளாம். மஞ்சள் சேலை, ஒல்லியான உருவம், தலையை ஒருபக்கம் சாய்த்து வைத்திருக்கிறாள், முகம் சரியாகத் தெரியவில்லை. இதையெல்லாம் என் மனைவி ஒரு பதற்றமும் இல்லாமல், எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். ஒருநாள் இவள் கை காட்டினாளாம். அவள் திரும்பக் காட்டவில்லையாம்.

“திமிரு பிடிச்சவளா இருப்பா” என்றேன்.

“இல்ல. அவ என்னப் பாக்கல.” குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு நின்றாள். “எனக்குப் பொறத்தால பாக்கா.”

அவளுக்குப் பின்னால் சுவர். வெள்ளை டைல்ஸ் பதித்த, ஒரு காலண்டர் ஆணி மட்டும் உள்ள சுவர். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இது எங்கள் மகள் காதுக்குப் போனது எப்படி என்று விசாரணை வைக்கத் தேவையில்லை. வீடியோ காலில் அம்மாவே சொல்லிவிட்டாள். மகள் ஹைதராபாத்தில் பெரிய கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதனால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

“அப்பா, அம்மா சொல்றதை நீங்க லைட்டா எடுத்துக்கறீங்க. பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஸ்டார்ட் ஆச்சு. யாத் ஹை நா?”

நினைவிருந்தது. என் மனைவியின் அக்கா பாளையங்கோட்டையில் முதலில் ஜன்னலில் ஒரு குழந்தையைப் பார்த்தார். பிறகு அதற்குச் சோறு எடுத்து வைத்தார். கடைசியில் தன் பிள்ளைகளையே யாரென்று கேட்டார். அவரை ஓர் அறையில் வைத்து, அடுப்பங்கரைக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்ததை நாங்கள் போய்ப் பார்த்தோம். பூட்டைத்தான் என் மனைவி அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள் மகள். “பெரியம்மா மாதிரிதான்னு சொல்லிட்டா, நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். இங்கே வயசானவங்களுக்கு அசிஸ்டட் லிவிங் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நீங்களும் வரலாம். சமைக்கவே வேணாம், ரெஸ்ட் மட்டும்தான்.”

“சமைக்காம நான் என்ன செய்ய? நாள் பூரா அங்கன போயி ரெஸ்ட் எடுக்கவா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, மெதுவாகச் சொன்னாள்: “என் அடுப்படிய விட்டு நான் எங்கயும் வரல, பாத்துக்கோ.”

போனை வைத்த பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். “நெசமாவே அங்கன ஒண்ணும் இல்லியா? நல்லாப் பாத்தியளா?”

நல்லாப் பார்த்தேன் என்றேன்.

அரசு மருத்துவமனைக்குப் போவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டையிலுள்ள அரசு டிஸ்பென்சரி. அங்கே இருக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்க்காமல் ‘மேல் மருத்துவமனைக்கு’ என்று எழுதுவார். அந்தச் சீட்டின் பின்பக்கம் முத்திரை இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எந்த ஜன்னலில் எந்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பதுகூடத் தெரியும். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பின்னால் போனார்கள். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மனநலப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். லக்னோ பக்கத்து இந்தி, நிதானமான ஆங்கிலம். என் மனைவியிடம் பிரதமர் யார், இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்டார். கிழமையும் பிரதமரும் சரியாக வந்தன. ஏழு ஏழாகக் குறைக்க அவள் மறுத்துவிட்டாள். “எதுக்குக் குறைக்கணும்?” என்று என்னிடம் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மருத்துவர் என்னிடம் பேசினார். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறார்கள், தனக்கு அவை ஒன்றல்ல என்றார். இல்யூஷன் என்றால், அங்கே ஒரு பொருள் இருக்கிறது, அது வேறொன்றாகத் தெரிகிறது. ஹாலுசினேஷன் என்றால், அங்கே பொருளே இல்லை, ஆனாலும் தெரிகிறது. முதலாவது வெளிச்சம், கண்ணாடி, வயது சம்பந்தப்பட்டது. கண் மருத்துவரிடம் அனுப்புவேன். இரண்டாவது என் பிரிவைச் சேர்ந்தது. ஸ்கேன் எடுக்க வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும். முக்கியமாக, இவரை காஸ் அடுப்போடு தனியாக விடக் கூடாது.

“இவங்களுக்கு எது?” என்று இந்தியில் கேட்டேன்.

“அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே ஏதாவது இருக்கிறதா?”

“நான் பார்த்தேன்.”

“எங்கிருந்து?”

“எங்கள் ஜன்னலிலிருந்து.”

“அவரும் அங்கிருந்துதானே பார்க்கிறார்?” பேனாவை மூடினார். “அங்கே போய்ப் பார்த்தீர்களா?”

பணிக்காலத்தில் ஸ்தல ஆய்வு அறிக்கைகள் எத்தனை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஸ்தலத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் மெட்ரோவில் அந்த இரண்டு சொற்களையும் தமிழில் நிறுத்திப் பார்த்தேன். நாம் மாயை என்போம், பிரமை என்போம், கண்கட்டு என்போம். எதை எதற்குச் சொல்கிறோம் என்று யாரும் வரையறுத்ததாகத் தெரியவில்லை. உபன்யாசக்காரர்கள் கயிற்றைப் பாம்பென்று நினைத்தவன் கதையைச் சொல்வார்கள். விளக்கைக் கொண்டு வந்தால் பாம்பு போய்விடும், கயிறு மிஞ்சும். கேட்டவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். விளக்கைக் கொண்டு வந்த பிறகு கயிறும் இல்லையென்றால் என்ன செய்வது என்று எந்த உபன்யாசத்திலும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் கலைந்திருக்காது.

என் மனைவி பக்கத்து இருக்கையில் எதிர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுரங்கத்துக்குள் போனதும் கண்ணாடியில் எங்கள் இருவரின் முகங்களும் தெரிந்தன.

“என்ன சொன்னா அந்தப் பிள்ள?”

“அங்க ஏதாவது இருந்தா ஒனக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

“இல்லைன்னா?”

நான் கதவுக்கு மேலிருந்த ஸ்டேஷன் பட்டியலைப் படித்தேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். “அப்பம் இருக்கணும்னு வேண்டிக்கிட வேண்டியதுதான்” என்றாள்.

பூட்டிய வீட்டைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம், சொசைட்டி செக்ரட்டரிக்கு விண்ணப்பம், திறக்கும்போது செக்ரட்டரியோ அவர் நியமிப்பவரோ உடனிருத்தல். மஸ்கட்காரருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன். தண்ணீர்க் கசிவு ஐயம் என்று காரணம் எழுதினேன். உண்மைக் காரணம் எழுதினால் அவர் அடுத்த விமானத்தில் வந்து வீட்டை விற்றுவிடுவார். ‘ஓகே அங்கிள்’ என்று ஒரு கட்டைவிரலோடு பதில் வந்தது. அதை நான் எழுத்துமூலச் சம்மதமாக ஏற்றுக்கொண்டேன். செக்ரட்டரி விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்தார்ஜி. சாவி அவரிடம்தான் இருந்தது. அவர் விண்ணப்பத்தைப் படிக்கவே இல்லை. “அரே சாஹப், காகிதம் எதுக்கு, வாங்க போகலாம்” என்றார். இந்த நாடு இப்படித்தான் கெட்டது.

நேரத்தை நான்தான் குறித்தேன். விளக்கு வைக்கும் நேரம். என் மனைவி வழக்கம் போல சிங்க் அருகில் நிற்க வேண்டும். அவள் கையில் அவள் போன், என் கையில் என் போன், இரண்டும் பேச்சில் இருக்க வேண்டும். முன்கதவை உள்ளே தாழிட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பூட்டிய வீட்டுக்குள் குளிர் வெளியே இருப்பதைவிட அதிகம். செருப்புச் சத்தம் அடுத்த அறையில் கேட்டது. மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சர்தார்ஜி டார்ச்சை அடித்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போனார். தண்ணீர்க் கசிவு என்று நான் சொன்னதை அவர் ஒருவர்தான் நம்பியிருந்தார். நான் பின்பக்கம் நடந்தேன். சமையலறை, அதற்கப்பால் கம்பிக் கதவு. அதன் கொக்கியை நீக்கினேன்.

கதவைத் திறந்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

என் தோள் உயரம். மஞ்சள் சேலை. எனக்கு முதுகைக் காட்டி, தலையை இடப்பக்கம் சாய்த்து, எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு.

ஒரு மூச்சு நேரம் அது அவளாகவே இருந்தது. பிறகு சேலையின் அடியில் இரும்புக் கால்கள் தெரிந்தன.

கூலர். தண்ணீர் ஊற்றி ஓட்டும் தகரக் காற்றுப்பெட்டி. தில்லிக்காரர்கள் கோடை முடிந்ததும் செய்கிற காரியம்தான். தண்ணீரை வடித்துவிட்டு, தூசி போகாமலிருக்கப் பழைய துணியால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். வடநாட்டு வீடுகளில் படுக்கை விரிப்பைச் சுற்றுவார்கள். எங்கள் ஆட்களுக்குப் பழைய சேலைதான் கிடைக்கும். கோயம்புத்தூர் அம்மாள் நூல் சேலையைக் கொசுவம் வைத்த மாதிரி சுற்றி, மேலே மிச்சத்தைக் கொத்தாகச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். காற்றில் அந்த முடிச்சு ஒருபக்கம் தொங்கிவிட்டது. அதுதான் தலை. அதுதான் சாய்வு. நான் உயரம் என்பதால் எங்கள் ஜன்னலின் மேல்சட்டமும் இந்த பால்கனியின் தடுப்பும் சேர்ந்து எனக்கு இதை மறைத்திருக்கின்றன. அவள் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

சத்தமாகச் சிரித்தேன். பூட்டிய வீட்டில் அது நல்ல சத்தமாக இல்லை.

“என்ன?” என்றாள் போனில்.

“கெடச்சாச்சு. இல்யூஷன். கூலரு, ஏ, கூலரு! சேலையச் சுத்தி வெச்சிருக்கா.”

“கூலரா?”

“தொட்டுக்கிட்டு நிக்கேன். நல்லாப் பாரு. இப்ப என்ன தெரியுது?”

மேலே ஒரு விமானம் தெரியாமல் கடந்தது.

“அவ நிக்கா. நீங்க அவ தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிய” என்றாள். பிறகு, “இந்த வயசுல” என்று சேர்த்துக்கொண்டாள்.

“கூலருன்னு தெரிஞ்சப்பறமும் பொம்பளையாத்தான் தெரியுதா?”

“தெரிஞ்சா தெரியாம போயிருமா?”

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு கயிற்றை அவிழ்த்தேன். நைலான் கயிறு, குளிரில் விறைத்துப் போயிருந்தது. முடிச்சு வந்ததும் சேலை தானாகவே சரிந்து என் காலடியில் விழுந்தது. உள்ளே துருப்பிடித்த தகரமும் காய்ந்த புல் தட்டியும்.

“இப்ப?”

“போயிட்டா.” அவள் குரலில் நிம்மதி இல்லை. “பாவம்” என்றாள்.

வேலை முடிந்தது. பொருள் இருந்தது, வேறொன்றாகத் தெரிந்தது. ஸ்தல ஆய்வில் உறுதி செய்யப்பட்டது. மகளுக்கு இன்றைக்கே சொல்லிவிடலாம், அடுப்புக்கு யாரும் பூட்டுப் போட வேண்டாம். சேலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கூலர் எந்தத் திசையைப் பார்த்து நின்றதோ அந்தத் திசையில்தான் நானும் நின்றேன்.

எங்கள் சமையலறை ஜன்னல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அத்தனை சாம்பலுக்கு நடுவில் அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. என் மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரின் பொத்தான்கூடத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், அவள் இடது தோளுக்குச் சற்று மேலே, இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆணா பெண்ணா என்று என்னால் சொல்ல முடியாது. அவளைவிட உயரம். தலை கவிழ்ந்திருந்தது, சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைப் பார்ப்பது போல. அசையவில்லை. யாரோ தன் வீட்டில் தனக்குப் பழக்கமான இடத்தில் நிற்பது போல நின்றது.

“முன்கதவைப் பூட்டித்தான வெச்சிருக்க?” என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாக வந்தது. அலுவலகப் பயிற்சி.

“நீங்கதான தாப்பா போடச் சொன்னிய. ஏன்?”

“சும்மா.”

குளியலறைப் பக்கம் சர்தார்ஜி குழாயைத் திருகிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வந்திருப்பார். கூப்பிட்டு, அங்கே பாருங்கள், என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கலாம். ஆய்வில் இரண்டாவது சாட்சி அதற்காகத்தான். ஆனால் சாட்சி ஒன்றைப் பார்த்துவிட்டால் அது நடந்ததாகிவிடும். பார்க்காவிட்டால் அது என்னுடைய நோயாகிவிடும். இரண்டில் எதுவானாலும் மகள் விமானச் சீட்டு எடுப்பாள். நான் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஜன்னலில் என் மனைவி மட்டும் இருந்தாள். இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன், அதற்குள் அவள் குழாய்ப் பக்கம் நகர்ந்திருந்தாள்.

“சப் டீக் ஹை” என்றபடி சர்தார்ஜி வந்தார். கசிவு ஏதும் இல்லை என்று என் கையைக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போனது சமையலறைக்கு. வெள்ளை டைல்ஸ் சுவர், காலண்டர் ஆணி. துண்டு இல்லை, கோட்டு இல்லை, ஹாலில் இருந்து பிரதிபலிக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்தித் திறந்து பார்த்தேன். சிங்க் பக்கம் நின்று என் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். அது சுவருக்கே போகவில்லை. கயிறு என்று சொல்லத்தக்க ஒரு நூல்கூட அகப்படவில்லை.

“என்னத்தத் தேடுதிய?”

“தீப்பெட்டி.”

“லைட்டர் வந்து எத்தன காலமாச்சு” என்றாள்.

அன்றே மகளிடம் சொன்னேன். கூலர், சேலை, முடிச்சு. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். “அப்பா, அதாவது, கூலரா? ஹே பக்வான்! அம்மா, நீங்க கூலருக்கு டாட்டா காட்டினீங்களா?” அம்மாவும் சிரித்தாள். அடுத்த முறை மருத்துவர் தாள் ஒன்றில் முதல் சொல்லை எழுதி அடிக்கோடிட்டு, கண் பிரிவுக்கு அனுப்பினார். கூலர் என்று தெரிந்த பிறகும் பெண்ணாகவே தெரிந்தது சரிதானா என்று கேட்டேன். அப்படித்தான் தெரியும், தெரிந்துகொள்வது மூளையின் ஒரு பக்கம், தெரிவது இன்னொரு பக்கம் என்றார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். என்னையே சற்றுக் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. இல்லை என்றேன்.

அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. என் மனைவியின் அடுப்படி அவளிடமே இருந்தது. அவள் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள், அதுவும் சில நாள் கழித்து, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

“நீங்க அவ எடத்துலதான நின்னிய? அவ என்னத்தப் பாத்தான்னு தெரிஞ்சுதா?”

“கூலருக்குக் கண்ணு கெடையாது.”

“அது சரி” என்றாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. “ஒங்களுக்கு இருக்குல்லா?”

நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

அரசாங்கத்தில் பிந்திய ஒப்புதல் என்று ஒன்று உண்டு. அனுமதி இல்லாமல் ஒரு சுவர் எழும்பிவிட்டது. இடிக்கவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது. அப்போது சுவரை விட்டுவிட்டு, அது எழும்பியதற்கான அனுமதியைப் பின்னாலிருந்து கொண்டுவந்து சேர்ப்போம். நடந்தது முறையாகிவிடும். என் காலத்தில் இதில் என்னைவிடக் கைதேர்ந்தவர் எங்கள் தளத்திலேயே இல்லை. பல இரவுகள் தூக்கமில்லாமல் புரண்ட பிறகு எனக்கு அதுதான் தோன்றியது. நான் பார்த்தது பார்த்ததுதான், இடிக்க முடியாது. அங்கே பொருள் இல்லை என்பதுதானே சிக்கல்? பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டால்? அந்த ஜன்னலில், அந்த நேரத்தில், அவளுக்குப் பின்னால் உண்மையாகவே ஒருவர் நின்றால், அங்கிருந்து யார் பார்த்தாலும் அது முதல் சொல்லான இல்யூஷனில்தான் சேரும்.

ஆகவே இப்போது சாயங்காலமானால் நான் சமையலறைக்குப் போகிறேன். கையில் ஒரு துண்டு. அவள் கழுவித் தரும் தம்ளர்களைத் துடைத்து அடுக்குகிறேன் என்பது பேர். அவளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நிற்கிறேன். தலையைக் கொஞ்சம் கவிழ்த்துக்கொள்கிறேன், பாத்திரத்தைப் பார்ப்பது போல. முதுகுப் பக்கம் டைல்ஸ் சில்லென்று இருக்கும். எதிரே சாம்பல் சுவரும் ஆளில்லாத பால்கனியும். கூலரை நானும் சர்தார்ஜியும் மறுபடி சுற்றிக் கட்டினோம், சேலை வேண்டாமென்று நீலத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். அது எதுவாகவும் தெரியவில்லை.

முதல் நாள் அவள் கேலி செய்தாள். “கலியாணமாகி இத்தன வருசத்துல அடுப்படி எந்தப் பக்கம்னு கேட்ட ஆளு. என்ன, பென்ஷன நிறுத்திட்டானா?” பிறகு தம்ளர்களைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டப் பழகிவிட்டாள். என் கை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பனி குறையத் தொடங்கிய ஒரு சாயங்காலம். அவள் குழாயைத் திறந்தாள். நான் வழக்கமான இடத்தில் போய் நின்றேன். அன்று பால்கனியிலிருந்து எங்கள் ஜன்னலில் கண்டதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எங்கே நிற்கிறேன், ஏன் நிற்கிறேன் என்று அவள் கேட்டதும் இல்லை. விமானம் ஒன்று கூரையைத் தொடுவது போல இறங்கிப் போனது. பிறகு, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், முதல் தம்ளரைப் பின்னால் நீட்டியபடி சொன்னாள்:

“அங்கன இல்ல. இன்னும் கொஞ்சம் இடது பக்கமா நில்லுங்க.”

நகர்ந்து நின்றேன்.